ராட்டினத்தில் இறக்கிவிட்ட வேட்டி

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவார்கள். நான் நாலு வேட்டியோடு போய் மூன்று வேட்டியோடு திரும்பினேன். திண்டுக்கல் ரயிலடிக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் யாரும் வேட்டியை எண்ணவில்லை. என் மணிக்கட்டில் கடிகாரம் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். ஆகவே காணாமல் போன வேட்டியைப் பற்றி நானேதான் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

போன காரியம் வெங்காயம். திண்டுக்கல்லில் எனக்கு வெங்காய மண்டி. இங்கிருந்து கப்பலேறுகிற சின்ன வெங்காயம் அங்கே இறங்கும்போது முளைவிட்டுத் தோட்டமாக நிற்கிறது, நேரில் வந்து பார்க்கவும் என்று அங்கத்து வியாபாரி எழுதியிருந்தார். முளைத்த வெங்காயத்தை நான் நேரில் பார்த்தால் அது வெட்கப்பட்டு உள்ளே போய்விடாது. ஆனாலும் கடல் தாண்ட இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது என்று புறப்பட்டேன்.

புறப்படுகிற நேரத்தில் அக்கா இன்னொரு காரியத்தை மூட்டையில் வைத்துக் கட்டினாள்.

“ஏலே அழகரு, போறதுதான் போறே, அந்த நெய்க்காரப்பட்டிக்காரக மகனையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரு.”

நெய்க்காரப்பட்டிக்காரர் என்றால் பழனிச்சாமி. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். இருபது வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூர் போய் அங்கேயே வேர்விட்டவர். மகன் தங்கவேலுக்குத் துறைமுகப் பட்டறையில் பிட்டர் வேலை. அவருக்கு அக்கா மகள் செண்பகத்தைக் கேட்டிருந்தார்கள். போட்டோ வந்திருந்தது. போட்டோவில் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். தாய்மாமன் நேரில் பார்த்துச் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. அப்படி ஒரு அதிகாரம் என் கையில் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அக்காவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா? திண்டுக்கல்லில் பிறந்து குடத்தோடு வரிசையில் நின்றே வயசானவள் வேறு எதைக் கேட்பாள்?

செண்பகம் வாசல் வரைக்கும் வந்து, அம்மா காதில் விழாமல் கேட்டாள். “மாமா, அவரு முன்னால யாராச்சும் விழுந்தா, மொதல்ல சிரிக்கிறாரா, மொதல்ல தூக்குறாரான்னு மட்டும் பாத்துட்டு வாங்க.”

“யாரும் விழலேன்னா?”

“நீங்கதான் போறீகளே மாமா. அதெல்லாம் நடக்கும்.”

கப்பலில் எனக்குச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உள்ளே போனதைவிட வெளியே வந்தது கூடுதல். பக்கத்துப் படுக்கைக்காரர், மன்னார்குடிப் பக்கத்து ஆள், “எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே இருங்க” என்றார். மூன்று நாள் மோந்தேன். நாலாம் நாள் அந்தப் பழத்துக்கே குமட்டியிருக்கும்.

என் உடுப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் நான் எதையோ மறைத்ததாக ஆகும். நாலு வேட்டி. அதில் ஒன்று, மாப்பிள்ளை பார்க்கிற அன்றைக்கென்று அக்கா வாங்கித் தந்த நாலுவிரல் கரை எட்டுமுழம். இடுப்புக்கு, மூன்று பொத்தான் வைத்த அகலப் பச்சை பெல்ட். அதற்கும் உள்ளே, என் மனைவி கையால் தைத்த அரைக்கால் டிராயர். அமெரிக்காவிலிருந்து கோதுமை மாவு வந்த வெள்ளைப் பையில் தைத்தது. “துணி நல்ல கெட்டி, கடக்காத்துக்குத் தாங்கும்” என்றாள். பின்பக்கம் நீலத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து இருந்தது. எத்தனை வெளுப்புக்கும் போகவில்லை. எனக்கு இங்கிலீஷில் எண் மட்டும் தெரியும். அதில் எண் இல்லை. ஆகையால் கவலைப்படவில்லை.

சிங்கப்பூரில் முதல் நாள் வியாபாரியின் சரக்குக் கிட்டங்கிக்குப் போய் வெங்காயத்தைப் பார்த்தேன். வெங்காயமும் என்னைப் பார்த்தது. வியாபாரி ஒரு மூட்டையை அவிழ்த்து, “இத விக்கறதா, நட்டு வைக்கறதா?” என்று கேட்டார். ஈரத்தோடு மூட்டை கட்டியதன் பலன். இனிமேல் நாலு நாள் கூடுதலாகக் காயவைத்து அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கடல் கடந்து வந்த காரியம் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தக் காபியைப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் டின்பால், மேலே கறுப்பாக டிகாக்‌ஷன். கலக்காமல் குடித்தால் கஷாயம், கலக்கிக் குடித்தால் பாயசம். கூடவே அரைவேக்காட்டு முட்டையை உடைத்து ஊற்றி, கறுப்பாக ஒரு சாறு விட்டுக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். பக்கத்து மேஜைச் சீனர் அதைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். நானும் தூக்கினேன். அவர் கூட வந்தவரிடம் ஏதோ சொன்னார். கடைத் தமிழரிடம் என்னவென்று கேட்டேன். “‘பாவம், மருந்து குடிக்கிறான்’ங்கறாரு” என்றார்.

இரண்டாம் நாள் பஸ். துறைமுகத்துக்கு என்று ஏறினேன். பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றபோது எதிரே ரப்பர் தோட்டம் இருந்தது. கண்டக்டர் என்னை இறங்கவிடாமல் அதே பஸ்ஸில் திரும்ப உட்காரவைத்தார். இறங்க வேண்டிய இடம் வந்ததும் ஒரு மலாய் அம்மாள் என் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார். நம்மூர்த் தாடிக்கொம்பு பஸ்ஸில் தூங்கினால் தட்டி எழுப்புவது பக்கத்துக்காரர் அல்ல, அவர் மடியில் இருக்கிற கோழி. அந்த ஒரு வித்தியாசம்தான்.

மூன்றாம் நாள் பழனிச்சாமி வீடு. கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். குழாயைத் திறந்து பார்த்தேன். வந்தது. மூடினேன், நின்றது. அக்காவின் காரியம் அரை நிமிஷத்தில் முடிந்தது. சாப்பாடு இலை போட்டு, சோறு, கறிக்குழம்பு, மூன்று வெஞ்சனம். அதில் ஒன்று எங்கள் மண்டி வெங்காயத்தின் முளையைப் பொரித்தது. அதை நான் அடையாளம் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தங்கவேல் அளவாகப் பேசினார், அளவாகச் சாப்பிட்டார், “மாமா, தண்ணி வேணுங்களா” என்று இரண்டு தடவை கேட்டார். யாரும் விழவில்லை. நான் வாசற்படியில் வேண்டுமென்றே கொஞ்சம் தடுமாறிப் பார்த்தேன். அவர் பார்க்காத நேரமாகப் போய்விட்டது. நிலைதான் நெற்றியில் இடித்தது.

செண்பகத்துக்கு என்ன சொல்வது? இன்னும் ஒரு நாளில் கப்பல். விழுகிற ஆள் ஒருவரும் அகப்படவில்லை.

பழனிச்சாமியே வழிகாட்டினார். “ஏனுங்க அழகருசாமி, நாளைக்குப் பொழுதோட பார்க்குக்குப் போலாமுங்க. ராட்டினம், குதிரை, பேய் வீடு எல்லாம் இருக்குதுங்க. குடும்பம் குடும்பமா வருவாங்க.”

பேய் வீடு, ராட்டினம், குழந்தைகள், ஓட்டம். விழுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. “தாராளமாப் போவோம்ணே” என்றேன்.

நாலாம் நாள் பொழுது சாய்கிற நேரம். பழனிச்சாமியைப் பார்த்துத் திகைத்துப் போனேன். கோட்டு, டை, தலையில் தொப்பி. அந்த ஊர்ப் புழுக்கத்தில் சட்டைக்குள் ஒரு குளமே இருந்திருக்கும். “பார்க்குக்கு டீசண்டாப் போகோணுமுங்க” என்றார். பெண் வீட்டு ஆள் வந்திருக்கிறாரே என்று அவர் கோட்டுப் போட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு ஆள் வருகிறாரே என்று நான் கரை வேட்டியை இரண்டாம் நாளாகக் கட்டியிருந்தேன். இயல்பாக இருந்தது தங்கவேல் மட்டும்தான், அரைக்கைச் சட்டையும் பேண்டும்.

பார்க் வாசலில் ஒரு பலகை. நாலு மொழியில் எழுதி, படிக்காதவர்களுக்குப் படமும் போட்டிருந்தார்கள். சட்டையில்லாத ஒரு ஆள், அவன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பனியன் மட்டும் போட்ட ஆள், அவன் மேலும் குறி. செருப்பில்லாத கால், குறி. நம்மூரில் சாமியைப் பார்க்கச் செருப்பைக் கழற்று என்பார்கள். இங்கே குரங்கு சைக்கிள் விடுவதைப் பார்க்கச் செருப்பைப் போடு என்கிறார்கள். எது உசத்தி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பலகையில் வேட்டிக்குப் படமே இல்லை. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

உள்ளே எல்லா வகை உடுப்பும் நடந்தது. ஒட்டிப் பிடித்த கவுனில் சீனப் பெண்கள், பூப்போட்ட கைலியில் மலாய்க் குடும்பங்கள், முழங்கால் தெரியும் டிராயரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். எட்டுமுழ வேட்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஒரு குழந்தை அம்மாவிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டது. தங்கவேல் மொழிபெயர்த்தார். “‘இவரு எந்த ஆட்டத்துல வருவாரு?’ன்னு கேக்குதுங்க மாமா.”

பேய் வீட்டில் யாரும் விழவில்லை. குதிரை ராட்டினத்தில் ஒரு பையன் வழுக்கினான். அவன் அப்பனே பிடித்துவிட்டான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் பெரிய ராட்டினம். அதை ஓட்டுகிறவர் ஒரு சீனக் கிழவர், வாயில் அணைந்த சிகரெட். அவர் என் வேட்டியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு பலகையைத் தட்டினார். தொங்குகிற துணி, அதன் மேல் சிவப்புக் குறி. கையால் ‘தூக்கிக் கட்டு’ என்று காட்டினார். நியாயந்தான். தோளில் கிடந்த துண்டைத் தங்கவேல் கையில் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து, பாகு ஊற்றிய ஐஸ் உருண்டைகளோடு பழனிச்சாமி வந்தார். நான் சட்டென்று இறக்கிவிட்டேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நடப்பது குற்றமில்லை. பெரியவர் எதிரே வந்தால் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அதுவும் சம்பந்தம் பேசப்போன இடம் என்றால் கேட்கவே வேண்டாம். என் சித்தப்பா ஒருவர் நத்தத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனவர், மாந்தோப்புச் சேற்றைத் தாண்ட மடித்துக் கட்டியதை மறந்து அப்படியே கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. அந்தப் பெண் வேறு இடத்தில் வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். சித்தப்பாவுக்குத்தான் இன்றைக்கும் ‘மடிச்சுக்கட்டி’ என்று பெயர்.

கிழவர் மறுபடி பலகையைத் தட்டினார். மடித்தேன். பழனிச்சாமி, “ஐஸ் எடுத்துக்கங்க” என்று முன்னால் வந்தார். இறக்கினேன். தட்டினார். மடித்தேன். பழனிச்சாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். இறக்கினேன். வரிசையில் நின்றவர்கள் இதுவும் ஒரு ஆட்டம் என்று நினைத்து நெருங்கி வந்தார்கள்.

கிழவர் சிகரெட்டை எடுத்துவிட்டு மலாயில் பேசினார். தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தார். “‘ஏத்தறாரா எறக்கறாரா, ஒரு முடிவுக்கு வரச் சொல்லு, நான் வீட்டுக்குப் போகணும்’ங்கறாருங்க.”

பழனிச்சாமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் நம் பக்கத்து மண்தானே. “அட, பரவால்லீங்க, கட்டிக்கங்க. நான் வேணா பின்னாலிருக்கிற பெட்டியில ஏறிக்கறனுங்க. உங்களப் பாக்க மாட்டனுங்க” என்றார். தொப்பியை மகன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டியில் ஏறினார். மாப்பிள்ளை கீழே நின்றார், ஒரு கையில் துண்டு, ஒரு கையில் தொப்பி. நான் மடித்துக் கட்டிய வேட்டியோடு தனியாக உட்கார்ந்தேன். ராட்டினம் கிளம்பியது.

இரண்டு சுற்று ஒரு குறையும் இல்லை. ஊர் முழுவதும் தெரிந்தது. நம்மூர் மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு இல்லை. ஆனால் அதற்கு நாமே ஏற வேண்டும், இது தானே ஏற்றுகிறது.

மூன்றாம் சுற்றில் உச்சிக்குப் போனபோது என் பெட்டியும் பின்னால் வந்த பெட்டியும் நேருக்கு நேராக வந்தன. பார்க்க மாட்டேன் என்று சொன்ன மனுஷன், பாசம் தாங்காமல் கையெடுத்துக் கும்பிட்டு, “பயமா இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டார்.

பெரியவர் கும்பிடுகிறார். என் கை என்னைக் கேட்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். வேட்டியை இறக்கிவிட்டது.

மேலே நல்ல காற்று. கரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டி தொங்குகிற அச்சில் கொடுத்தது. அச்சு அதைச் சுற்றிக்கொண்டது. ராட்டினம் சுற்றச் சுற்ற வேட்டியும் சுற்றியது, என் பெட்டி தராசுத் தட்டு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே கூச்சல். கிழவர் நெம்புகோலை இழுத்தார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, எல்லாரும் பார்ப்பதற்கு வாகான உயரத்தில் நின்றேன்.

வேட்டி என்னை இழுத்தது. பச்சை பெல்ட் வேட்டியை விடவில்லை. அந்தப் பெல்ட்டைப் போல விசுவாசமான சாமானை நான் பார்த்ததில்லை. அதை அவிழ்த்தால் பெட்டி நிமிரும். அவிழ்த்தால் வேட்டி போகும். பின்பெட்டியில் சம்பந்தம் பேச வந்த வீட்டுப் பெரியவர். முன்பெட்டியில் ஒரு சீனக் குடும்பம், அதில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. சித்தப்பா மடித்துக் கட்டியதற்கே சம்பந்தம் முறிந்தது. வேட்டியே இல்லை என்றால் அதற்கு நத்தத்தில் என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தேன். குழந்தை இன்னும் பலமாக அழுதது.

மூன்று பொத்தானையும் அவிழ்த்தேன். பெட்டி ஒரு குலுக்கலோடு நிமிர்ந்தது. நான் பெட்டிக்குள்ளேயே குப்புற விழுந்தேன். ஆக, கடைசியில் ஒரு ஆள் விழுந்தாயிற்று.

விழுந்த இடத்திலிருந்தே முதல் காரியமாகக் கம்பி இடுக்கு வழியாகக் கீழே தங்கவேலைப் பார்த்தேன். செண்பகத்தின் வேலையை நான் மறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அவர் முதலில் தொப்பியையும் துண்டையும் கிழவர் கையில் கொடுத்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே ராட்டினத்தின் இரும்புச் சட்டத்தில் கால் வைத்து ஏறினார். கிழவர் கத்தினார், கேட்கவில்லை. பாதியில் சிரிப்புத் தாங்காமல் ஒரு கையில் தொங்கிக்கொண்டு நின்றார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

“மாமா, அசையாதீங்க… நான் சிரிக்கலீங்க மாமா… அடி ஏதும் பட்டுதுங்களா?”

“அடியில்ல மாப்ளே. பின்னால என்னமோ எழுதியிருக்கே, அது என்னான்னு மட்டும் சொல்லிருங்க. கீழ இருக்கவுக எல்லாம் படிக்கிறாக.”

அவர் எட்டிப் படித்தார். மறுபடி தொங்க வேண்டியதாயிற்று. “‘விற்பனைக்கு அல்ல’ன்னு போட்டிருக்குதுங்க மாமா.”

பின்பெட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பழனிச்சாமிக்கு மாரடைப்போ என்று பயந்தேன். இல்லை, டையைத் தளர்த்திக்கொண்டு சிரிக்கிறார்.

தங்கவேல் அச்சிலிருந்து வேட்டியைப் பிரித்தார். பட்டறைக் கை, கிழிக்காமல்தான் பிரிக்கப் பார்த்தார். வந்தது கிரீஸ் தோய்ந்த நாலைந்து துண்டு. உடனே தன் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டி, கையால் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். நாங்களும் ஒவ்வொரு பெட்டியாகக் கீழே வந்தோம். குழந்தையை அழவைத்ததற்கு முன்பெட்டிச் சீன அம்மாளைக் கும்பிட்டேன். இறக்கிவிட வேட்டி இல்லாததால் கும்பிடு மட்டும்.

விஷயம் அதோடு முடியவில்லை. வாசல் காவலாளி ஓடிவந்தான். என்னை விட்டுவிட்டான், இடுப்பில் சட்டை கட்டிய ஆளுக்குப் பலகையில் படம் இல்லை. பனியனோடு நின்ற தங்கவேலைப் பிடித்துக்கொண்டான். குறி போட்ட படத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டி வெளியே போகச் சொன்னான். பழனிச்சாமி தன் கோட்டைக் கழற்றி மகன் தோளில் போட்டார். டையையும் கழற்றிச் சுருட்டிப் பையில் திணித்தார்.

“ஏனுங்க, நீங்க வந்தீங்கன்னுதான் இந்தக் கருமத்தப் போட்டனுங்க. மத்தியானத்திலிருந்து மூச்சு முட்டுதுங்க.”

“நான் மட்டும் சும்மாவா கட்டுனேன்? அது அக்கா வாங்கிக் குடுத்தது அண்ணே.”

“போகட்டுமுங்க. வேட்டி போனாத்தான் என்ன, ஆள் முழுசா இருக்கீங்கல்ல. வாங்க, சோறு திங்கலாம்.”

அன்று ராத்திரி அவர் வீட்டில் கைலி கட்டிக்கொண்டு சாப்பிட்டேன். பேச்சு வார்த்தை என்று தனியாக ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கவலை. செண்பகத்துக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மை என்றால் தங்கவேலைப் பற்றி மட்டும் சொல்ல முடியாது. விழுந்தது யார் என்று கேட்பாளே. யாரோ ஒரு சீனர் விழுந்தார் என்று சொல்லலாம் என்று கப்பலில் ஒத்திகை கூடப் பார்த்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் பையன் ஏறி வந்ததைச் சொல்ல முடியாது, சட்டையைக் கழற்றியதைச் சொல்ல முடியாது. அரைகுறையாகச் சொல்லி ஒரு நல்ல பையனை இழப்பதா? என் மானம் ஏற்கனவே சிங்கப்பூரில் நாலு மொழிக்காரர்கள் படித்த சங்கதிதானே.

அக்காவிடம், “கொழாயில தண்ணி வருது” என்றேன். “அம்புட்டுத்தான், முடிச்சிரலாம்” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செண்பகம் கதவோரம் நின்றாள். “யாராச்சும் விழுந்தாகளா மாமா?”

“விழுந்தாக.”

“மொதல்ல சிரிச்சாரா, தூக்குனாரா?”

“கையிலிருந்த தொப்பியக் குடுத்தாரு, சிரிச்சாரு, சிரிச்சுக்கிட்டே முப்பதடி ஏறி வந்து சட்டையக் கழட்டிக் குடுத்தாரு. அதுல எது மொதல்லன்னு நீயே பிரிச்சுக்கோ.”

“விழுந்தது யாரு மாமா?”

சொன்னேன். பெல்ட்டிலிருந்து மாவுப் பை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கீழே உட்கார்ந்து சிரித்தாள். அக்கா கரண்டியோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். செத்த நேரமா அது? அடுப்பில் உலை கொதித்து, அரிசி போட்டு, வடித்தும் ஆயிற்று. அதற்கப்புறந்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அச்சச்சோ, அடி எதுவும் பட்டுச்சா மாமா?”

இதைத் தங்கவேலுக்கு எழுதி எச்சரிக்க வேண்டியது என் கடமை. பையன் பக்கம் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்தக் கடிதத்தை இன்னும் எழுதவில்லை. அவர்களுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.